வெள்ளைத் தாளின் கரிக் கணக்கு



ரெக்கார்டு நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, டிராயிங் ஷீட், அசைன்மென்ட் பேப்பர், ஹால் டிக்கெட், கடைசியில் மார்க் ஷீட் என்று நம் மூன்று வருஷ டிப்ளமோ படிப்பே காகிதத்தின் மேல்தான் நடக்கிறது. உங்கள் கையில் உள்ள இந்த ஆண்டு மலரும் காகிதம்தான். வெள்ளை வெளேரென்று இருக்கும் இந்தத் தாளைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வானத்துக்குப் போகிறது? அதை எப்படிக் குறைக்கலாம்? குறைக்க முடியாததை எப்படி ஈடுகட்டலாம்? இந்த மூன்று கேள்விகளையும் நம் பாடப் புத்தகக் கணக்குகளைக் கொண்டே பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நான் நார்த்தாமலைக்காரன். எங்கள் மேலமலையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். அந்தக் காலத்தில் எழுத வேண்டியதைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். உளி தேய்மானம் தவிர வேறு செலவு இல்லை! இன்று எங்கள் மாவட்டம் எழுத்துக்குக் கொடுப்பது கல் அல்ல, மரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் தைல மரத் தோப்பு கண்ணில் படும். 1974-இல் தொடங்கப்பட்டு, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இங்கே பெரிய பரப்பில் தைல மரம் வளர்த்து வருகிறது. வெட்டிய மரம் பட்டை உரித்து, லாரி லாரியாகக் காகித ஆலைக்குப் போகும். ஆகவே காகிதத்தின் கரிக் கணக்கு என்பது எங்கள் ஊர்க் கணக்கும்கூட.

வாயு எங்கிருந்து வருகிறது?

ஒரு காகித ஆலையில் மரத்தையோ கரும்புச் சக்கையையோ ரசாயனத்தில் வேகவைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழைக் கழுவி, வெளுத்து, ஓடும் வலையின் மேல் பரப்பி, தண்ணீரை வடித்து, பிரஸ்ஸில் பிழிந்து, நீராவியால் சூடான உருளைகளில் உலர்த்தினால் தாள். ஒவ்வொரு படியிலும் நீராவியும் மின்சாரமும் வேண்டும்.

வாயு வெளியேறும் முக்கிய இடங்கள் நான்கு. ஒன்று, நிலக்கரி எரியும் பாய்லர். இரண்டு, ஃபர்னஸ் ஆயில் எரியும் சுண்ணாம்புச் சூளை. மூன்று, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம். நான்கு, கழிவுநீர்க் குட்டையில் காற்றில்லாமல் அழுகி உண்டாகும் மீத்தேன்.

மரக்கூழ் செய்யும்போது உலர்ந்த மரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூழாகக் கிடைக்கும். மீதி, மரத்தின் லிக்னினோடு சேர்ந்து கருப்புத் திரவமாக வரும். ஆலையில் அதற்கு ‘பிளாக் லிக்கர்’ என்று பெயர். அதைக் கெட்டியாக்கி ரெகவரி பாய்லரில் எரித்தால் நீராவியும் கிடைக்கும், ரசாயனமும் திரும்பக் கிடைக்கும். அதிலிருந்தும் கரியமில வாயு வருகிறதே என்று கேட்கலாம். அது மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்த கார்பன். வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால் அது திரும்ப எடுக்கப்பட்டுவிடும். எனவே அதைத் தனியாக எழுதுவார்கள். நிலக்கரியின் கார்பன் அப்படியல்ல. கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தது. எடுத்து எரித்தால் கூடுதல்தான்.

கணக்குக்கு ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பனின் அணு எடை 12, கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. ஆகவே ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 44-ஐ 12-ஆல் வகுத்த 3.67 கிலோ வாயு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும் கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 டன் வாயு வரும். கீழே உள்ள கணக்குகளுக்கு இதையே வைத்துக்கொள்வோம். இவை எந்த ஆலையின் ரிப்போர்ட்டும் அல்ல. படிப்புக்காக நான் போட்டுப் பார்த்தவை.

முதலில் குறைப்பது

‘கார்பனைக் குறைக்க வேண்டும்’ என்றதும் பலரும் மரம் நடுவதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஆலைக்குள்ளேயே, பிரஸ் செக்‌ஷனிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

பிரஸ்ஸை விட்டு வரும் ஈரத்தாளில் 42 சதவீதம் உலர்பொருள் இருக்கிறது என்று வைப்போம். முடிவில் தாளில் 95 சதவீதம் உலர்பொருள் வேண்டும். ஒரு டன் தாளில் 0.95 டன் உலர்பொருள். அதை 0.42-ஆல் வகுத்தால் ஈரத்தாளின் எடை 2.262 டன். ஆக டிரையரில் விரட்ட வேண்டிய தண்ணீர் 1.262 டன். இப்போது பிரஸ்ஸை நன்றாகப் பராமரித்து, ஃபெல்ட்டைச் சரியான நேரத்தில் மாற்றி, 43 சதவீதம் ஆக்கிவிட்டோம் என்றால்? 0.95-ஐ 0.43-ஆல் வகுத்தால் 2.209 டன், விரட்ட வேண்டியது 1.209 டன்தான். ஒரே ஒரு சதவீதம் அதிகம் பிழிந்ததற்கு டிரையர் வேலை 4 சதவீதம் குறைந்துவிட்டது!

வருஷம் ஒரு லட்சம் டன் தாள் செய்யும் ஆலைக்கு இது சுமார் 5,260 டன் தண்ணீர். ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க 1.3 டன் நீராவி என்றால் 6,840 டன் நீராவி. ஒரு டன் கரிக்கு 5 டன் நீராவி என்றால் 1,370 டன் கரி. வாயுக் கணக்கில் ஏறக்குறைய 2,190 டன். இதற்கு ஒரு மரம்கூட நட வேண்டாம். ஷிப்டில் இருக்கிற டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் கண்ணை அகல விரித்து வைத்திருந்தால் போதும்.

இதேபோல நீராவிக் கசிவு, வேலை செய்யாத ஸ்டீம் டிராப், திரும்பி வராத கண்டன்சேட் ஒவ்வொன்றும் கரிதான். தெர்மல் இன்ஜினியரிங் பாடத்தில் வரும் பேக் பிரஷர் டர்பைன் காகித ஆலைக்கென்றே பிறந்தது போல இருக்கும். உயரழுத்த நீராவியை முதலில் டர்பைனில் விட்டு மின்சாரம் எடுத்து, அழுத்தம் குறைந்து வெளியே வரும் நீராவியை டிரையருக்கு அனுப்புகிறார்கள். தனியாக மின்சாரம், தனியாக நீராவி என்று செய்வதைவிட ஒரே கரியில் இரண்டு வேலை. இதுவே கோஜெனரேஷன்.

காகிதபுரத்தில் ஒரு நல்ல பாடம்

தமிழ்நாட்டில் காகிதம் என்றால் கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் நினைவுக்கு வரும். சுருக்கமாக ‘டி.என்.பி.எல்.’ 1979-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம், உலக வங்கிக் கடனுதவியோடு, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்து 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது ஆண்டுத் திறன் 90,000 டன். பின்னாளில் அது சுமார் 4 லட்சம் டன்னாக வளர்ந்தது. 2016-இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அட்டை தயாரிக்கும் இரண்டாவது ஆலையும் வந்தது.

சக்கையைக் கழுவும்போது சர்க்கரைச் சத்து நிறைந்த கழிவுநீர் வரும். திறந்த குட்டையில் விட்டால் அது அழுகி மீத்தேனாகிக் காற்றில் கலக்கும். மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2000-களில் டி.என்.பி.எல். இந்தக் கழிவுநீரை மூடிய கலனில் நொதிக்கவிட்டு, வாயுவைப் பிடித்து, சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரித்தது. கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சி முறையின் கீழ் கார்பன் கிரெடிட்டுக்கும் இத்திட்டம் பதிவானது.

கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். கழிவுநீரில் ஒரு கிலோ ‘சி.ஓ.டி.’ முழுவதும் சிதைந்தால் 0.35 கன மீட்டர், அதாவது கால் கிலோ மீத்தேன். குட்டையிலிருந்து அது அப்படியே போயிருந்தால் 7 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பிடித்து எரித்தால் அந்த 7 கிலோவும் மிச்சம். அது தரும் ஏறக்குறைய 3,000 கிலோ கலோரி வெப்பம் 0.3 கிலோ ஃபர்னஸ் ஆயிலையும் மிச்சப்படுத்தும். அதில் இன்னொரு 0.9 கிலோ வாயு குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

கிரெடிட் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கிரெடிட்டுகளின் விலை 2012-இல் சரிந்து ஒரு யூரோவுக்கும் கீழே போனது. கிரெடிட் வருமானத்தை மட்டும் நம்பித் தொடங்கிய திட்டங்கள் எல்லாம் என்ன பாடு பட்டிருக்கும்? எண்ணெய்ச் செலவு குறையும் திட்டத்துக்கு அந்தப் பயம் இல்லை. கிரெடிட் விலை போனாலும் சூளை எரிந்துகொண்டுதான் இருக்கும்.

எல்லைக்கோடு எங்கே?

இனிமேல்தான் முக்கியமான இடம். ‘சக்கையில் செய்த தாள், மரமே வெட்டவில்லை, ஆகவே கார்பனே இல்லை’ என்று சொல்வதைக் கேட்டிருப்போம். பாதி உண்மை. சக்கை குப்பையில் கிடந்த பொருள் அல்ல. சர்க்கரை ஆலையின் பாய்லருக்கு அதுதான் எரிபொருள். சக்கையை நாம் வாங்கிக்கொண்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? டி.என்.பி.எல். இதற்கு வெளிப்படையாகவே ஓர் ஏற்பாடு செய்தது. சர்க்கரை ஆலைகளில் நிலக்கரி பாய்லர் அமைத்துக் கொடுத்தும், கரி கொடுத்தும், பதிலுக்குச் சக்கை வாங்கியது.

ஒரு டன் ஈரச் சக்கை தரும் நீராவியைத் தர 0.45 டன் கரி வேண்டும் என்று வைப்போம். ஒரு டன் கூழுக்குச் சுமார் 6 டன் ஈரச் சக்கை. அப்படியானால் 2.7 டன் கரி. சக்கையின் உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி கூழுக்கு உதவாது. சுமார் 30 சதவீதம். அதை எரித்துக்கொள்ளலாம். அதைக் கழித்தால் 1.9 டன் கரி, 3 டன் வாயு. காகித ஆலையின் கேட்டுக்குள் மட்டும் எண்ணினால் இது கண்ணுக்கே தெரியாது. கோட்டைச் சர்க்கரை ஆலை வரை நீட்டினால் தெரியும்.

இதனால் சக்கைத் தாள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கரும்பு எப்படியும் விளைகிறது, காடு மிச்சமாகிறது, பிளாக் லிக்கர் எரிவதால் ஆலையில் கரி கொஞ்சம் குறைகிறது. சர்க்கரை ஆலை பழைய பாய்லரைத் தூக்கிவிட்டுத் திறமையான பாய்லர் வைத்தால், அதற்குத் தேவையான சக்கையே குறைந்து, உண்மையிலேயே உபரி கிடைக்கும். அப்போது கணக்கு நன்றாக மாறும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தெர்மோடைனமிக்ஸ் முதல் வகுப்பில் ‘சிஸ்டம் பவுண்டரி’யை வரைந்துவிட்டுத்தானே கணக்கைத் தொடங்குகிறோம்? கார்பன் கணக்கிலும் முதல் வேலை அதுவே. கோட்டை வசதியான இடத்தில் போட்டால் விடையும் வசதியாகத்தான் வரும்.

ஈடுகட்டுவது

எல்லாம் செய்த பிறகும் மிஞ்சுகிற வாயுவை வேறொரு இடத்தில் ஈடுகட்டுவது கடைசிப் படி.

அளக்கக்கூடிய உதாரணம் காற்றாலை. டி.என்.பி.எல். திருநெல்வேலி மாவட்டத்தில் 35.5 மெகாவாட் காற்றாலைகளை நிறுவியது. சராசரியாகத் திறனில் 20 சதவீதம் ஓடியது என்று வைத்தால் வருஷத்துக்கு 6 கோடியே 22 லட்சம் யூனிட். கிரிட் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயு என்றால் ஏறக்குறைய 43,500 டன். இதில் தகராறு குறைவு. மீட்டரைப் பார்த்தால் போதும்.

மரத்துக்கு மீட்டர் கிடையாது. அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு ஹெக்டேரில் வருஷம் 10 டன் உலர்ந்த மரம் வளர்கிறது என்று வைப்போம். மரத்தில் பாதி கார்பன். ஆக வருஷத்துக்கு 18.3 டன் வாயு உறிஞ்சப்படுகிறது. 30 வருஷத்தில் 550 டன் என்று போர்டு எழுதி வைத்துவிடலாம். ஆனால் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் கூழாக்குகிறோமே! வெட்டும்போது 60 டன் மரம், வெட்டிய மறுநாள் தரையின் மேல் ஒன்றுமில்லை. சராசரியாக நிற்பது 30 டன். அதில் 15 டன் கார்பன், 55 டன் வாயு. எத்தனை முறை நட்டு வெட்டினாலும் அந்த நிலம் பிடித்து வைத்திருப்பது சராசரியாக அந்த 55 டன்தான். போர்டில் 550, நிலத்தில் 55. பத்து மடங்கு வித்தியாசம்! முன்பே அங்கே இயற்கைக் காடு இருந்து, அதை அழித்து நட்டிருந்தால் இந்த 55-உம் நிற்காது.

அதோடு, பிளாக் லிக்கர் வாயுவை ‘மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும்’ என்று ஏற்கெனவே கணக்கில் விட்டுவிட்டோம். அதே மரத்தைக் காட்டி நிலக்கரி வாயுவையும் கழிக்கக் கூடாது. ஒரே ரசீதை இரண்டு ஆபீஸில் காட்டிப் பணம் வாங்குவது போன்றது அது.

கண்மாய்க்கு யார் ஈடு?

எங்கள் மாவட்டத்தில் பேரணை எதுவும் இல்லை. பெரும்பாலும் மழை, வரத்துவாரி, கண்மாய், கிணறுதான். ‘தைல மரம் வச்சா தண்ணி போச்சுப்பா’ என்ற பேச்சு ஊர் டீக்கடையில் சாதாரணம். தைல மரம் நிலத்தடி நீரை இழுக்கிறது, தோப்புகளில் மழைநீரைத் தேக்க வெட்டும் குழிகளும் வரப்புகளும் கண்மாய்க்கு வரும் ஓட்டத்தை மறிக்கின்றன என்று புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் பல வருஷமாகவே மனு கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். வேகமாக வளரும் எந்த மரமும் அதற்கேற்ற தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கும் என்பது தாவரவியல். நல்ல மழையுள்ள இடத்தில் அது உறைக்காது. எங்கள் வானம் பார்த்த பூமியில் உறைக்கும்.

மறுபக்கமும் உண்டு. மரம் வெட்டுவதிலும் ஏற்றுவதிலும் இங்கே பலருக்குக் கூலி கிடைக்கிறது. தண்ணீரில்லாத மேட்டு நிலத்தில் தைல மரமோ சவுக்கோ போட்டுப் பிழைக்கும் சிறு விவசாயியும் இருக்கிறார். ஆகவே ‘எல்லாவற்றையும் பிடுங்கி எறி’ என்பதும் விடையல்ல. வரத்துவாரியிலும் கண்மாய் நீர்பிடிப்பிலும் வேண்டாம். ஈடுகட்டுவதற்கென்றே வைக்கும் மரம் வெட்டாத மரமாக, அந்த மண்ணுக்கு உரிய மரமாக இருக்கட்டும். நார்த்தாமலைக் குன்றுகளைச் சுற்றி மிஞ்சியிருக்கும் புதர்க்காட்டைக் காப்பாற்றி வளரவிட்டால் அது மெதுவாகத்தான் கார்பன் பிடிக்கும். ஆனால் பிடித்ததை ஆறு வருஷத்தில் திருப்பிக் கொடுக்காது. கண்மாய்க்கும் தண்ணீர் விடும். இதுதான் என் கருத்து. கார்பன் ஒன்றையே அளந்தால் தண்ணீர் கணக்கில் வராமலே போய்விடும்.

நமக்கு என்ன வேலை?

இது இனிமேல் ஆர்வமுள்ளவர் விஷயம் மட்டுமல்ல, சட்டத்தின் விஷயம். 2012-இல் மத்திய அரசின் ‘பாட்’ திட்டம் எட்டுத் துறைகளின் பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு வைத்தது; காகிதம் அதில் ஒன்று. ‘கேட் டு கேட்’ அளப்பது அதன் முறை. 2023-இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளின் ஆலைகளுக்கு உற்பத்தி டன்னுக்கு இவ்வளவு வாயு என்ற இலக்கே வந்துவிட்டது. இலக்கை மிஞ்சிக் குறைத்தால் கிரெடிட் கிடைக்கும். குறைக்காவிட்டால் கிரெடிட் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கை எடுக்கப்போவது யார்? பாய்லர் ஹவுஸில் லாக் ஷீட் நிரப்பும் மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர். மோட்டார் லோடு பார்க்கும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோக்காரர். கழிவுநீர் சாம்பிள் எடுக்கும் கெமிக்கல் டிப்ளமோக்காரர். அதாவது நீங்களும் நானும். மேலே கம்ப்யூட்டரில் தயாராகும் பெரிய ரிப்போர்ட் எல்லாம் கீழே ஷிப்டில் நாம் எழுதும் ரீடிங்கை நம்பித்தான். ஆறு மணி ரீடிங்கை எட்டு மணிக்குக் குத்துமதிப்பாக எழுதினால் அந்த ரிப்போர்ட் முழுவதும் குத்துமதிப்புதான்.

ஆகவே வேலைக்குப் போகுமுன் இந்த நான்கைப் பழகிக்கொள்வோம்:

1. எந்தக் கணக்கிலும் எல்லைக்கோட்டை முதலில் வரை. கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது என்ன என்று கேள்.

2. முதலில் குறை, பிறகு எரிபொருளை மாற்று, கடைசியில்தான் ஈடுகட்டு. வரிசை மாறக் கூடாது.

3. ஒரே மரத்தை இருமுறை எண்ணாதே. வெட்டப்போகும் மரத்தைச் சேமிப்பு என்று எழுதாதே.

4. கார்பன் கணக்குக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கணக்கையும் எழுது.

காகிதம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சொன்னால் முதலில் கலங்குவது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் காத்திருக்கும் நாம்தான்! வேண்டியது நேர்மையான கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தேவையான படிப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரு சதவீதம் அதிகம் பிழிந்தால் 2,190 டன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போவோம், நண்பர்களே!